தலைக்கு ஊத்தாதவள்

சித்திரை பிறந்துவிட்டால் கோதண்டபாணிக்கு வாய் ஓய்வதில்லை. பாலக்கரையில் இருந்த அவருடைய மருந்துக்கடைக்கு மருந்து வாங்க வருகிறவர்கள் பாதி என்றால் சந்தேகம் கேட்க வருகிறவர்கள் மீதி. டாக்டர் முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, கேட்க வேண்டியதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து இவரிடம் அவிழ்ப்பார்கள். அதிலும் தனக்கென்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். மூலத்துக்கு மருந்து என்றால் மச்சானுக்கு, சொறிக்குக் களிம்பு என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கு. கேட்கிறவர் சொறிந்துகொண்டேதான் கேட்பார். இவரும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்தியம் சொல்லி அனுப்பிவைப்பார்.

அந்த வருடம் ஊரில் அம்மை வேறு போட்டிருந்தது. தெருவுக்கு இரண்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை இங்கிலீஷ் மருந்து எதையும் தொடக்கூடாது என்பது சனங்களாகப் போட்டுக்கொண்ட சட்டம். "தலைக்கு ஊத்தலீங்க, சுகர் மாத்திரை போடலாமா?", "தலைக்கு ஊத்தறதுக்கு முன்னாடி பிரஷர் மாத்திரை போட்டா ஆத்தா கோச்சுக்குமா?" என்று கடை திறந்ததிலிருந்து இதே பாட்டுதான். மின்சாரம் போய் விசிறியும் நின்றிருந்தது. முழங்கால் வலியோடு நின்றபடி பதில் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் கூட்டத்தோடு கூட்டமாக அந்தப் பெண் வந்தாள். சின்ன வயது. முழங்கை வரைக்கும் வெள்ளை மண் காய்ந்து ஒட்டியிருந்தது. செராமிக் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவள் என்று பார்த்ததுமே தெரிந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரை அட்டையைக் காட்டினாள். வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை.

"எங்க நாத்தனாருக்குங்க. தலைக்கு ஊத்தல. இத போடலாங்களா?"

"தாராளமா போடலாம்மா. தண்ணி ஊத்தறதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"ஒண்ணும் ஆவாதுங்களே?"

"ஒண்ணும் ஆவாது. அடுத்து யாருப்பா?"

அவள் முகம் மலர்ந்தது. இந்தப் பதிலுக்கா இவ்வளவு சந்தோஷம் என்று அவர் நினைப்பதற்குள் அடுத்த ஆள் சீட்டை நீட்டிவிட்டார்.

மத்தியானம் மனைவி அம்புஜவல்லி சாப்பாட்டுத் தூக்குடன் கடைக்கு வந்தாள். மருந்து அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அவர் புலம்பத் தொடங்கினார்.

"இவங்களோட மல்லுகட்ட முடியல அம்பு. ஒரு பொண்ணு வலிப்பு மாத்திரைய கையில வச்சுக்கிட்டு, தலைக்கு ஊத்தல, போடலாமாங்குது. நாத்தனாருக்காம்."

குழம்பு ஊற்றப்போன கரண்டியை அம்புஜவல்லி நிறுத்தினாள். "அம்மை வந்திருக்குதுன்னு சொல்லுச்சா?"

"அது... தலைக்கு ஊத்தலன்னுதான் சொல்லுச்சு."

"அம்மைப் பேச்சே எடுக்காம ஒரு பொம்பள தலைக்கு ஊத்தலன்னா என்னாங்க அர்த்தம்? ரெண்டு புள்ள பெத்த மனுஷன் நீங்க. முழுவாம இருக்குதுன்னு அர்த்தம்."

கோதண்டபாணி பிசைந்த சோற்றை அப்படியே இலையோரம் ஒதுக்கினார். மாதவிலக்கு முடிந்தால் பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள். அது தள்ளிப்போனால் கர்ப்பம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, தலைக்கு ஊற்றவில்லை என்பார்கள். அவருடைய அக்கா சொல்லிக் கேட்டிருக்கிறார், இதோ இந்த அம்புஜவல்லியே சொல்லிக் கேட்டிருக்கிறார். இருந்தும் காலையில் அவர் காதில் விழுந்ததெல்லாம் அம்மையும் வேப்பிலையும்தான்.

கையைக் கழுவிவிட்டுத் தடிப் புத்தகத்தை எடுத்து அந்த மாத்திரையின் பக்கத்தைப் பிரித்தார். கர்ப்ப காலத்தில் கூடுமானவரை தவிர்க்கவும் என்றது ஒரு வரி. திடீரென்று நிறுத்தக்கூடாது என்றது அடுத்த வரி. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளையும் பிரித்துக் கண்ணை இடுக்கிப் படித்தார். அதிலும் இதே கதைதான். டாக்டரைக் கலந்துகொள்ளவும் என்று எழுதி முடித்துவிட்டால் அச்சடித்தவனுக்கு வேலை முடிந்தது. கேட்டுவிட்டுப் போனவளுக்கு யார் பதில் சொல்வது?

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில், மருந்து பற்றிய சந்தேகங்களுக்குப் பதில் சொல்லவே ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். அங்கே போன் போட்டார். எடுத்தது ஒரு பெண். அவர் கேள்வியைக் கேட்டு முடித்ததும் அவள் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டாள்.

"எத்தன மாசம் சார்? ஒரு நாளைக்கு எவ்ளோ போடறாங்க? கடைசியா எப்ப வலிப்பு வந்துச்சு? வேற மாத்திரை எதுனா சாப்பிடறாங்களா?"

"தெரியலம்மா."

"நோயாளி உங்ககிட்ட வந்தாங்கதானே சார்?"

"நாத்தனாருக்குன்னு ஒரு பொண்ணு வந்துச்சு. நான் எதையும் கேக்கல."

கொஞ்ச நேரம் புத்தகங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள். "நிறுத்தச் சொல்லிடாதீங்க சார். நிறுத்தி வலிப்பு வந்தா தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. ஆனா அப்படியே வுட்டுடவும் கூடாது. ஆரம்ப மாசத்துல இது புள்ளையோட முதுகுத்தண்ட பாதிக்கலாம். எல்லாருக்கும் அப்படி ஆவாது, சில பேருக்கு ஆவும். சீக்கிரம் நரம்பு டாக்டர பாத்தா அளவ குறைப்பாங்க, இல்ல வேற மாத்திரை மாத்துவாங்க. ஃபோலிக் ஆசிடும் குடுப்பாங்க. மொதல்ல அவங்கள கண்டுபுடிங்க."

பேர் தெரியாத ஒருத்தியை எங்கே போய்க் கண்டுபிடிப்பது? மண் ஒட்டிய கை ஒன்றுதான் அடையாளம். கடையை அம்புஜவல்லியிடம் விட்டுவிட்டு, உச்சி வெயிலில் மொபட்டை மிதித்தார். வலிப்பு மாத்திரையோடு வந்த பெண் யார் என்று தொழிற்பேட்டையில் கேட்டால் அவள் மானத்தை அவரே கப்பலேற்றியதாகிவிடும். அதனால் தன் வீட்டுச் சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "காலையில மருந்துக் கடைக்கு வந்த பொண்ணு சாவிய வுட்டுட்டுப் போயிட்டுது" என்று ஒவ்வொரு கொட்டகையாக ஏறி இறங்கினார். பீங்கான் பொம்மைகள் காயவைத்திருந்த ஒரு கொட்டகையில் யாரோ, "பிரபா, ஒன் சாவியாம்" என்று குரல் கொடுத்தார்கள்.

அவள்தான். வந்து சாவியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே பொம்மைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த அவளுடைய மாமியார் எட்டிப்பார்த்தாள். பிரபா அவரைக் குழாயடிக்கு அழைத்துப் போனாள்.

"ஒங்க நாத்தனாரு..." என்று அவர் தொடங்கினார்.

"நாத்தனாரு இல்லீங்க. நான்தான்." குரலைத் தணித்துக்கொண்டாள். "வலிப்ப மறச்சுத்தான் எங்கம்மா கட்டிக்குடுத்தாங்க. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. நாள் தள்ளிப் போனதுலேர்ந்து பயந்துகிட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டேன். இன்னிக்கி நீங்க சொன்ன தெகிரியத்துலதான் வந்ததும் போட்டேன்."

கோதண்டபாணிக்கு அங்கேயே கூனிக்குறுகிப் போய்விடலாம் போலிருந்தது. நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை, தப்பாகப் பதில் சொல்லிவிட்டேன் என்று ஒளிக்காமல் சொன்னார். சிதம்பரத்திலிருந்து கேட்டதை, பயமுறுத்தாமலும் பூசி மெழுகாமலும் எடுத்துச் சொன்னார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "ஒரே வார்த்தையில சொல்லுங்க சார். போடணுமா, வேணாமா?" என்றாள்.

"ஒரே வார்த்தையில சொல்லித்தாம்மா காலையில தப்பு பண்ணேன். டாக்டர பாக்குற வரைக்கும் நிறுத்தாத. ஆனா ஒடனே பாக்கணும்."

அவள் கையில் காய்ந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். "காலையிலேர்ந்து நிம்மதியா இருந்தேன் சார்" என்றாள். அதில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும்.

"டாக்டருகிட்ட போவணும்னா அவருகிட்ட சொல்லணும்."

"நான் வேணா பக்குவமா சொல்லட்டுமா?"

"வேணாங்க. அசலூட்டு ஆளு சொல்லி அவருக்குத் தெரியக்கூடாது."

அவள் சூளைப் பக்கம் திரும்பி, "இந்தாங்க, செத்த இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். தட்டுகளை இறக்கி வைத்துவிட்டு அவள் புருஷன் அர்ச்சுனன் வந்தான். அவன் வந்து நிற்பதற்குள் சொல்லிவிட்டாள். தயங்கினால் வாய் அடைத்துவிடும் என்று பயந்தவள் மாதிரி, வலிப்பு, மாத்திரை, தலைக்கு ஊற்றாதது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

அவன் முகம் கறுத்தது. "எத்தினி வருஷமா?"

"பள்ளிக்கூடம் போவும்போதுலேர்ந்து."

கோதண்டபாணி இரண்டு பேர் முகத்தையும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். இந்த வேலையை விட்டுவிட்டு எங்கேயாவது கண்ணை மூடிப் படுத்துவிடலாம் என்று இருந்தது அவருக்கு.

அர்ச்சுனன் கொட்டகைப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அவன் அம்மா இன்னும் கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தாள். தோள் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டு, பிரபாவுக்கு மட்டும் கேட்கிற குரலில், "அம்மா காதுக்குப் போவ வேணாம்" என்றான். பிறகு கோதண்டபாணியிடம், "எந்த ஊரு ஆஸ்பத்திரிங்க? இன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போவலாமா?" என்று கேட்டான்.

அதுவரை கண் கலங்காமல் நின்றவள், குழாயடியில் குந்தி அப்போதுதான் அழுதாள்.