அரை டேங்க் தண்ணீர்

ஐம்பது நிமிடம் பறக்கிற விமானத்துக்கு எதற்கு இருநூறு லிட்டர் தண்ணீர்? என் வாழ்நாளில் நான் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி இதுதான்.

எங்கள் நிறுவனத்தின் விமானங்கள் உள்நாட்டுக்குள் மட்டும் பறப்பவை. ஒவ்வொன்றும் எவ்வளவு கரியமில வாயுவைக் கக்குகிறது என்று கணக்கெடுத்து, அதைக் குறைக்க வழி சொல்வது என் வேலை. அலுவலகத்தில் எனக்குப் 'புகைக்கணக்கு' என்று பெயர். இரண்டு வருடத்தில் பதினோரு யோசனை சொன்னேன். பதினொன்றும் மேலாளரின் அலமாரியில் நிம்மதியாகத் தூங்குகின்றன.

பன்னிரண்டாவதுதான் தண்ணீர். இறங்குகிற விமானங்களில் ஏறி டேங்க்கின் மீட்டரைப் பார்த்தேன். கை கழுவியது, காபி போட்டது எல்லாம் போக முக்கால் டேங்க் அப்படியே திரும்பி வந்தது. பாதி நிரப்பினால் நூறு கிலோ எடை குறையும். ஒரு பயணத்துக்குப் பத்து கிலோ வாயு மிச்சம். கல்யாணத்துக்குப் பிறகு என் தொப்பையில் ஏறியதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனாலும் தினம் நாற்பது பயணம் என்று பெருக்கிப் பார்த்தால் கௌரவமாகவே இருந்தது.

ஒரே ஒரு விமானத்தில் ஒரு வாரம் சோதித்துப் பார்க்க மேலாளர் சம்மதித்தார். ஒரு தடவை தண்ணீர் தீர்ந்துபோனாலும் என்னை டிக்கெட் பிரிவுக்கு மாற்றிவிடுவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துச் சொன்னால் செய்துவிடுவார்.

அந்த விமானத்தின் பணிப்பெண்களுக்குத் தலைவி என் அக்கா. விஷயத்தைச் சொன்னதும், "கையில சோப்போட நிக்கறவங்க என்னைத்தான்டா கேப்பாங்க, உன்னையா கேப்பாங்க?" என்றாள்.

ஏழாம் நாள் மத்தியானம், கடைசிச் சோதனைப் பயணம் இறங்கியதும் மேலாளரோடு ஏறினேன். மீட்டரில் கால் டேங்க் மிச்சம். ஏழு நாளும் அப்படித்தான். நெஞ்சை நிமிர்த்தித் திரும்பினால், பின்பக்கத் திரைக்குக் கீழே இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் இரண்டு எட்டிப் பார்த்தன. மேலாளரும் பார்த்துவிட்டார். டிக்கெட் பிரிவின் நாற்காலி என் கண்ணில் தெரிந்தது.

அக்கா கேன்களை வெளியே இழுத்தாள்.

"மூடியில இருக்கற சீலைப் பாருங்க சார். ஒரு வாரமா ஏறி இறங்குது, ஒருத்தரும் தொடல." பிறகு என்னைப் பார்க்காமல், "தண்ணி தீர்ந்து இவன் மானம் கப்பலேறிடக் கூடாதேன்னுதான்" என்றாள்.

என் மானத்தைக் காக்க, நான் குறைத்த நூறு கிலோவில் நாற்பதை அவளே திருப்பி ஏற்றியிருக்கிறாள். மேலாளர் இரண்டு சீலையும் நகத்தால் தட்டிப் பார்த்தார். நாளையிலிருந்து எல்லா விமானத்துக்கும் அரை டேங்க், கேன் மட்டும் கூடாது என்று சொல்லிவிட்டு, இந்த முறை சிரிக்காமல் இறங்கிப் போனார்.

அறிக்கையில் கூடுதல் எடை நாற்பது கிலோ என்று எழுதியாக வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் 'அக்கா' என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கேன்களை நான்தான் இறக்கினேன். நாலாவது படியிலேயே இரைத்தது. பின்னாலிருந்து அக்கா சொன்னாள்:

"மெதுவாடா. இப்ப நீ விடற மூச்சையும் கணக்குல சேத்துக்கோ."