யாரும் மிதிக்காத பெடல்

விமானம் மூன்றாவது முறையும் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய், ஓடுபாதையை விட்டு இறங்கி, புல்லில் மூக்கைக் குத்தி நின்றது. திரை கறுத்தது.

"போதுமா?" என்றான் ஓரெஸ்ட். "இன்னொரு தடவை வேணுமா?"

சிக்ரித் கறுத்த திரையை முறைத்தாள். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். பிடியை விட்டால் எதையாவது எடுத்து எறிந்துவிடுவோமோ என்றிருந்தது அவளுக்கு. காபிக் கோப்பை வேறு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு சாவி கிடந்தது. கிம்லி ஊருக்கு வெளியே, பனி மூடிய கொட்டகைக்குள் நிற்கும் நான்கு இருக்கை விமானத்தின் சாவி. விமானம் மூன்று பேருக்குச் சொந்தம்: சிக்ரித், ஓரெஸ்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பெவ். ஆளுக்கொரு சாவி. இலையுதிர் காலத்தில் சிக்ரித்தின் வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். இனி பறக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓரெஸ்டுக்கு அது போதவில்லை. அவள் வீட்டு நிலவறையிலிருக்கும், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் நேராக ஒரு டேக்-ஆஃப் செய்து காட்டட்டும், முடியாவிட்டால் சாவியைக் கொடுத்துவிடட்டும் என்றான். இருந்த கோபத்தில் அவளும் சரியென்று சொல்லித் தொலைத்தாள்.

"சாவிய எடுத்துக்கவா?" என்றான் ஓரெஸ்ட்.

"தொட்டுப் பாரு" என்றாள் சிக்ரித்.

படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்து ப்ரூன் கேக் தின்றுகொண்டிருந்த பெவ் தலையைத் தூக்கினாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. கேக் நல்லாருக்கு, சண்டையில ஆறிடப் போகுது."

"கேக் ஆறாது, பெவ்."

"அப்ப நீ ஆறு."

சிக்ரித் ஆறவில்லை. ஓரெஸ்ட் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவளை அதிகமாக எரித்தது. ஒற்றை இன்ஜின் விமானம் முழு வேகத்தில் கிளம்பும்போது முன்னால் சுழலும் விசிறி மூக்கை இடப்பக்கம் தள்ளும். அதற்குப் பதில் சொல்வது வலது கால். வலது பெடலை மிதித்தால் வாலிலுள்ள சுக்கான் திரும்பும், மூக்கு நடுவுக்கு வரும். எவ்வளவு மிதிக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும் முன் காலுக்குத் தெரிந்துவிடும். பல வருடப் பழக்கம் அப்படி. ஆகவே மூக்கு இடப்பக்கம் ஓடினால் வலது கால் போதவில்லை என்று அர்த்தம். புதிய இடுப்பு எந்தப் பக்கம்? வலப்பக்கம்.

ஆனால் மேசைக்கடியில் இருந்த சிமுலேட்டர் பெடலை அவள் மிதித்திருந்தாள். எப்போதும் கொடுக்கிற அளவைக் கொடுத்தாள், போதவில்லை. கூட்டிக் கொடுத்தபோது நேரம் கடந்துவிட்டது. தொடை இறுகியது, பாதம் அழுந்தியது, எல்லாம் அவளுக்கு ஞாபகமிருந்தது.

"என் கால்ல கோளாறு இல்ல. மெஷின்லதான் கோளாறு."

ஓரெஸ்ட் சிரித்தான். "வாய்க்கால்ல விமானத்த இறக்கினவன் எல்லாருமே அதத்தான் சொல்றான். போன வாரம் நான் இதே நாற்காலியில உக்காந்து ஓட்டினேன். நூல் பிடிச்ச மாதிரி நேரா போச்சு. அதே மெஷின்தான். அப்ப என்ன மாறிச்சு? ஆளு மாறிச்சு."

"எனக்குக் கொஞ்ச நேரம் குடு. கோளாறக் கண்டுபிடிக்கிறேன்."

"இப்படியே இழுத்துட்டுப் போனா..."

"குடுய்யா" என்றாள் பெவ். "எனக்கு இன்னொரு துண்டு கேக் பாக்கி இருக்கு."

சிக்ரித் திரையைப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். கோபத்தில் கண்டதையும் அழுத்தினால் எதுவும் கிடைக்காது. ஒரு சந்தேகத்தை எடு, அதைத் தனியாக நிறுத்து, இல்லையென்று தெரிந்தபிறகு அடுத்ததற்குப் போ. இன்ஜினைப் பிரித்துப் பழகிய எவருக்கும் தெரிந்த வழி அது.

முதலில் காற்று. சிமுலேட்டரில் பக்கக் காற்று வீசும்படி யாராவது வைத்திருந்தால் விமானம் தானாகவே ஒதுங்கும். பார்த்தாள். காற்றே இல்லை.

அடுத்தது ஜாய்ஸ்டிக். அதன் தண்டை முறுக்கினாலும் சுக்கான் திரும்பும். செருகியவுடனேயே சிமுலேட்டர் அந்த வேலையையும் அதற்குக் கொடுத்துவிடும். அப்புறம் பெடல் ஒன்று சொல்லும், தண்டு ஒன்று சொல்லும், நடுவில் விமானம் திண்டாடும். அவள் ஜாய்ஸ்டிக்கின் வயரையே உருவிப் போட்டாள்.

"என்ன, கோபத்துல பிடுங்கிப் போடறியா?" என்றான் ஓரெஸ்ட்.

"உன் நாக்குக்கும் ஒரு வயர் இருந்தா அதையும் பிடுங்கியிருப்பேன்."

பெவ் புரையேறி இருமினாள்.

ஜாய்ஸ்டிக் இல்லாமலும் விமானம் இடப்பக்கமே இழுத்தது. அப்படியானால் பெடல். அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். பெடல் எங்கே இருக்கிறதென்று காட்டும் பச்சைப் பட்டை ஒன்று அதில் உண்டு. இடது பெடலை மிதித்தால் இடப்பக்கம் நகரும், வலது பெடலை மிதித்தால் வலப்பக்கம் நகரும். உள்ளேயிருக்கும் உணர்கருவியில் தூசி படிந்திருந்தால் பட்டை துள்ளும், நடுங்கும். இது நடுங்கவில்லை. கல் மாதிரி நின்றது. தூசியால் வரும் தப்பு அங்குமிங்கும் அலையும். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற தப்பு என்றால், யாரோ கைப்பட வைத்த தப்பு.

சிக்ரித் இரண்டு கால்களையும் பெடலிலிருந்து எடுத்து நாற்காலிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். புது இடுப்பு ஒரு முறை முனகிவிட்டு அடங்கியது.

பட்டை நடுவில் இல்லை. இடப்பக்கம் ஒதுங்கி நின்றது.

"ஓரெஸ்ட். இங்க வா."

"என்ன?"

"வந்து பாருன்னா வா! பெடல்ல யாரு காலும் இல்ல. பாத்துக்க. யாரும் மிதிக்காமலே இடது பக்கம் மிதிச்ச மாதிரி காட்டுது. இப்ப யாரு கால் பலவீனம்? இந்த நாற்காலியோட காலா?"

ஓரெஸ்ட் குனிந்து பார்த்தான். பெவ் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"இத கேலிப்ரேட் பண்ணி அளவு வச்சது யாரு?" என்றாள் சிக்ரித்.

அவள் கேட்கவே வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொண்டபோது பழைய அளவுகள் அழிந்துபோயின. அவள் பிசியோதெரபிக்குப் போயிருந்த நாளில் ஓரெஸ்ட் வந்து, எல்லாம் சரிசெய்து வைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

"நான் ஒழுங்காத்தான் பண்ணினேன்."

"எப்படிப் பண்ணினே? பண்ணிக் காட்டு."

"சிக்ரித், இதெல்லாம்..."

"என் சாவிய வாங்க வந்தவன் நீ. உக்காரு!"

அவன் உட்கார்ந்தான். இடது பெடலை முழுக்க மிதிக்கச் சொன்னது திரை, மிதித்தான். வலது பெடலை, மிதித்தான். நடுவில் விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தச் சொன்னது. ஓரெஸ்ட் கம்பளிக் காலுறை போட்ட இரண்டு பாதங்களையும் பெடல்மேல் வைத்து, நிமிர்ந்து, கண்ணை ஓடுபாதையில் வைப்பவன்போல நேராகப் பார்த்து, பொத்தானை அழுத்தினான்.

"அட முட்டாளே" என்றாள் சிக்ரித்.

"என்ன தப்பு? நடுவுலதான வச்சிருக்கேன்."

"எதுக்குக் கால அங்க வச்சே?"

"பெடல்ல வைக்காம கால வேற எங்க வைக்கிறது?"

பெவ்வும் ஆமென்பதுபோலத் தலையாட்டினாள். பறக்கிற ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டும்வரை கால் பெடலை விட்டு வரக்கூடாது என்று முதல் பாடத்திலேயே திட்டித் திட்டிப் பழக்கியிருப்பார்கள். விளையாட்டுக்காக இதை வாங்கியவர்கள் தானாகவே காலை எடுத்திருப்பார்கள். நடு என்பது ஸ்பிரிங் தானாக வந்து நிற்கிற இடம். அதை ஆள் பிடித்து வைக்கக் கூடாது. தராசுத் தட்டில் கையை ஊன்றியபடியே பூஜ்யம் வைத்தால், கையை எடுத்த பிறகு அந்தத் தராசு எதை நிறுத்தாலும் பொய்தான் சொல்லும். ஓரெஸ்டின் பூஜ்யத்தில் ஓரெஸ்டின் கால் இருந்தது. அதனால்தான் அவன் ஓட்டும்போது மட்டும் நேராகப் போனது.

"எழுந்திரு" என்றாள் சிக்ரித்.

கால்களை மடக்கிக்கொண்டு அவளே முதலிலிருந்து செய்தாள். மிதிக்க வேண்டிய இடத்தில் மிதித்தாள், விட வேண்டிய இடத்தில் விட்டாள். பட்டை நட்டநடுவில் வந்து நின்றது. ஜாய்ஸ்டிக்கைத் திரும்பச் செருகி, அதன் முறுக்கை மட்டும் நிறுத்திவைத்தாள். வேகத்தைக் கூட்டினாள். மூக்கு இடப்பக்கம் கிளம்பப் பார்த்தது. வலது கால் எப்போதும் கொடுக்கிறதைக் கொடுத்தது. நடுக்கோடு மூக்குக்குக் கீழே வழுக்கிக்கொண்டே போய் மறைய, விமானம் எழுந்தது.

பெவ் சாவியை எடுத்து சிக்ரித்தின் சட்டைப்பையில் போட்டாள். "முடிஞ்சது. ஓரெஸ்ட், மன்னிப்புக் கேளு."

"ஒரு பெடல் கொஞ்சம் தள்ளி இருந்ததுக்கு இவ்வளவு கூத்தா? ஒரு மயிரிழை வித்தியாசம்" என்றான் அவன்.

"மயிரிழையா? உக்காந்து பாரு. இப்ப பட்டை உண்மை பேசுது. உன் மயிரிழை எவ்வளவுன்னு பாக்கலாம்."

அவன் வீம்பாக உட்கார்ந்தான். கால்களை வைத்தான். "இதோ. நடு."

பட்டை வலப்பக்கம் போய் நின்றது. மயிரிழை இல்லை, கணிசமாகவே.

"நடுவுக்குக் கொண்டு வா" என்றாள் சிக்ரித்.

"நடுவுலதான்டி இருக்கு!" என்று கத்தினான். பிறகு திரையைப் பார்த்தான். குனிந்து தன் பாதங்களைப் பார்த்தான். இடது பாதத்தை அழுத்தினான். பட்டை கொஞ்சம் நகர்ந்து, திரும்பவும் வலப்பக்கம் சாய்ந்தது. அவன் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. "காலுறை வழுக்குது."

சிக்ரித் குனிந்து அவன் பாதங்களைப் பார்த்தாள்.

வலது கால் கனமாக மிதிக்கவில்லை. ஒன்று இறங்கினால் மற்றது ஏறும் அந்தப் பெடல்களில், அவனுடைய இடது கால்தான் எதிர்த்து நிற்கவில்லை. அவன் இன்று படியிறங்கியபோது கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே வந்ததை அவள் பார்த்திருந்தாள், பார்த்தும் யோசிக்கவில்லை.

"எப்பலேருந்து?" என்று கேட்டாள்.

"எப்பலேருந்து என்ன?"

"மறைக்காத. எப்பலேருந்து அந்தக் கால் மரத்துப் போகுது?"

"அது முதுகு நரம்பு. வரும், போகும். அதுக்கும் இதுக்கும்..."

"தெரிஞ்சுதான் என் கால் மேல பழி போட்டியா? எல்லாரும் என் இடுப்பப் பாத்துக்கிட்டு இருந்தா உன் கால யாரும் பாக்க மாட்டாங்க, அதானே?" அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. "அறுவடைக்கு அப்புறம் பெவ்வையும் அவ பொண்ணையும் ஏத்திட்டுப் பறந்தியேடா!"

பெவ் இப்போது சிரிக்கவில்லை. "ஓரெஸ்ட், சாவிய வை" என்றாள்.

"என்ன?"

"உன் சாவிய மேசைல வை. டாக்டரப் பாத்துட்டு வந்து எடுத்துக்க."

"ஒரு விளையாட்டுப் பெட்டி சொல்லுதுன்னா?"

"அதே பெட்டிய நம்பித்தான என் சாவிய வாங்க வந்தே?" என்றாள் சிக்ரித்.

அவன் சாவி வளையத்திலிருந்து அதைக் கழற்றுவதற்குள் நகம் பிய்ந்தது. கீபோர்டின்மேல் விட்டெறிந்தான். திரையில் ஏதேதோ எழுத்துகள் ஓடின. ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து, இடது காலைப் பக்கத்தில் இழுத்துச் சேர்த்து, மேலேறிப் போனான். பூட்ஸ் மாட்டும் சத்தம் கேட்டது. கதவு அறைந்து மூடியது.

வாசலில் அவனுடைய பழைய டிரக் கிளம்பியது. இடது காலால் மிதிக்கும் கிளட்ச் பாதிதான் இறங்கியிருக்க வேண்டும். கியர் கறகறவென்று பல்லைக் கடித்தது, விட்டது, மறுபடியும் கடித்தது. அந்த வண்டியின் கியர்ப்பெட்டி போய்விட்டதென்று பனிக்காலம் முழுக்க மூன்று பேரும் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள்.

"கியர்ப்பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள் பெவ் மெதுவாக.

சிக்ரித்துக்கு இன்னும் கோபம் தணியவில்லை. எழுந்து, வலி எடுத்த இடுப்பைப் பிடித்துக்கொண்டே, தன் கார்ச் சாவியைத் தேடினாள். "வா" என்றாள். "அந்த முட்டாள் நெடுஞ்சாலைக்குப் போறதுக்குள்ள பிடிச்சாகணும்."