முச்சந்தி வரைக்கும்

ஷாமிளா ஒலிபெருக்கியின் வயரைப் பிடித்த பிடியை விடவில்லை.

"மைக்க வாசல்லயே வைங்க மாமா. அம்மாவப் பத்தி பொம்பளைங்களும் பேசணும்."

கட்சியின் தோட்டத் தலைவர் ஐயாவு சிரித்தார். "இரங்கல் கூட்டம் எப்பவும் மயானத்துலதானே பாப்பா? கம்பஸ் போய்ப் படிச்சா முறையெல்லாம் மறந்துருமா?"

"மயானத்துக்குத்தான் எங்கள விடமாட்டீங்களே."

"அது என்னா, நான் போட்ட சட்டமா?"

பின்னால் பெட்டிக்குள் அம்மா கருப்பாயி கிடந்தாள். முந்தின நாள் காலையில் பால் வெட்டப் போன இடத்தில், ரப்பர் மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவள். பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு ஆள் வேண்டுமே என்று கட்சி அவளைப் பிரதேச சபைக்கு அனுப்பியிருந்தது. 'மந்திரி நோனா', மந்திரியம்மா என்று லயத்து வீடுகளெல்லாம் கேலி பேசின. எதற்குக் கை தூக்குவது என்று ஐயாவு போனில் சொல்வார், தூக்குவாள். ஒரே ஒரு தடவை, மலையில் வேலை செய்யும் பெண்களுக்குக் கக்கூஸ் கேட்டு அவளாகவே எழுந்து பேசினாள், அதுவும் சிங்களத்தில். அதற்குப் பிறகு கூட்டத்துக்கு ஏற்றிப்போகக் கட்சி வான் வரவில்லை. பஸ்ஸில் போனாள்.

சபையில் அம்மாவின் இடத்தை எனக்குக் கொடுங்கள் என்று மைக்கில், எல்லார் முன்னாலும் கேட்டுவிடத்தான் ஷாமிளா நின்றாள்.

தப்பு மேளம் முழங்கியது. பெட்டியைத் தூக்கினார்கள். சித்தப்பா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வயரை வாங்கிக்கொண்டார். "எழவு வீட்டுல மானத்த வாங்காத."

முச்சந்தியில் பெண்கள் நின்றார்கள். ஷாமிளா நிற்கவில்லை. அத்தை இலட்சுமி ஓடிவந்து அவளை இடுப்போடு கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையைவிடப் பிடிதான் பலமாக இருந்தது.

திரும்பி வந்து வீட்டைக் கழுவினார்கள். மலைக்கு மேல் மயானத்து மைக்கிலிருந்து ஐயாவுவின் குரல் லயம் முழுக்கக் கேட்டது.

"அம்மையார் விட்டுச்சென்ற இடத்துக்கு, என் மருமகள் நிரோஷாவை ஏகமனதாக..."

மயானத்தில் கைதட்டினார்கள்.

பெண்கள் ஷாமிளாவைப் பார்த்தார்கள். பிறகு நிரோஷாவை. சேலையை முழங்கால்வரை ஏற்றிச் செருகிக்கொண்டு, பெட்டி இருந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

"என்னயவா சொன்னாங்க?"

விளக்குமாற்றோடு நிமிர்ந்து ஷாமிளாவைப் பார்த்தாள்.

"சத்தியமா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல அக்கா."

ஷாமிளா வாளியைத் தூக்கினாள். நிரோஷா விளக்குமாற்றை ஒதுக்கிப் பிடித்தாள். ஊற்றிய தண்ணீர் மஞ்சளும் பூவுமாக வாசற்படி இறங்கிச் சாக்கடைக் கானுக்குள் போனது.