பூனைகளுக்குக் கேட்ட சத்தம்

மீன் இறங்குகிற நேரத்தில் நல்லவாட்டுக் கரையில் ஒரு பூனைகூட இல்லை என்றால், ஊரே திரண்டு வந்து ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் வேலை. எனக்கு மட்டும்தான் அடுத்தவர் வேலை. அதனால் நான் கவனித்தேன்.

என் பூனைக்கு மேஸ்திரி என்று பெயர். மற்றவர்கள் வேலை செய்வதை நின்று பார்த்துவிட்டு, சோற்று நேரத்துக்கு முதல் ஆளாக வந்து உட்காருகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அந்த மேஸ்திரி சில நாட்களாக நெத்திலித் தலையை மோந்துகூடப் பார்க்கவில்லை. உச்சிவெயிலில் தேடிக்கொண்டு போனேன். பக்கத்துத் தெருவில், அமிர்தம் அக்காவின் வீட்டு மதில்மேல் உட்கார்ந்திருந்தது.

தனியாக இல்லை. ஊர்ப் பூனை அத்தனையும் அங்கே இருந்தன. மதில்மேல், கூரை ஓரத்தில், கவிழ்த்துப் போட்ட மீன் கூடைமேல். ஜென்மப் பகையாளிகளெல்லாம் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, அந்த வீட்டுப் பின்னறைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தன. சண்டை இல்லை, முனகல் இல்லை. காதுகள் மட்டும் ஆடின. எல்லாக் காதுகளும் ஒரே நேரத்தில் வெட்டி இழுத்தன. நின்றன. மறுபடி வெட்டி இழுத்தன. யாரோ எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்துச் சுண்டுவதுபோல.

"மேஸ்திரி" என்றேன். திரும்பவில்லை. அந்தத் தெரு நாய்களைக் காணோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அமிர்தம் அக்காவின் கதை ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன். ஒரே மகன் கலைவேந்தன். இரண்டு வருடம் முன்னால் கடலுக்குப் போன படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்தி வந்தார்கள், அவன் வரவில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் கருமாதி செய்ய மாட்டேன் என்று அக்கா உட்கார்ந்துவிட்டாள். மருமகள் உஷாராணியின் பாடுதான் பாவம். தாலியைக் கழற்றவும் விடவில்லை, தலையில் பூ வைக்கவும் விடவில்லை. கரிக்கலாம்பாக்கத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போகவும் வழியில்லை. எல்லோரும் மன்றாடி, இந்த வருடம் அக்கா ஒருவழியாகச் சம்மதித்தாள். நாள்கூடக் குறித்தார்கள். அப்புறம் திடீரென்று வேண்டாம் என்றாள். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

எனக்கே சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று அக்கா பாகூர்ச் சந்தைக்கு மீன் விற்கப் போயிருந்தாள். உஷாராணி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, உங்க அத்த தெனமும் ஒரு கொடம் கடல் தண்ணி தூக்கிகினு வர்றாங்க. உப்பு காச்சி விக்கறீங்களா?"

"சிரிக்காதக்கா. உள்ள வந்து நீயே காது வெச்சிக் கேளு."

பின்னறை மூலையில் ஒரு எவர்சில்வர் தவலை. வாயில் மஞ்சள் துணி, மேலே வேப்பிலைக் கொத்து. குனிந்து காதை வைத்தேன். உலோகம் சில்லென்றிருந்தது. உள்ளே, வெகு மெல்லிசாக, டொக். ஒரு மூச்சு நேரம் கழித்து, டொக்.

உஷாராணி துணியை விலக்கிக் கையை விட்டு ஒன்றை எடுத்தாள். டார்ச் லைட்டில் போடுகிற பெரிய பேட்டரிக்கட்டை மாதிரி, வெள்ளி நிறத்தில் ஒரு உருளை. நீர் சொட்டியது. துணியில் துடைத்ததும் சத்தம் நின்றது. திரும்பத் தண்ணீருக்குள் விட்டாள். டொக்.

"வெளிய எடுத்தா செத்துடுது. உள்ள வுட்டா பொழைக்குது. ராமு மாமா வலையில வந்துச்சி. எங்க வூட்டுக்காரரு படகு கவுந்த எடத்தாண்ட."

"உங்க அத்த இன்னா சொல்றாங்க?"

"அவரு நெஞ்சாம். தண்ணியில போனவன் தண்ணியிலதான் மூச்சு வுடுவான்னு சொல்றாங்க."

"நீ இன்னா சொல்ற?"

"நான் இன்னா சொல்றது? நெதமும் பக்கத்து ரூம்ல படுத்துகினு கேட்டுகினு கீறன்."

வெளியே வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். மதில்மேல் காதுகள் வெட்டி இழுத்தன. நான் உள்ளே கேட்ட அதே கணக்கில்.

இந்த இடத்தில் டெல்லிக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோடையில் எங்கள் கரைக்கு நேரே ஒரு சின்ன விமானம் கடலில் விழுந்தது. பயணிகள் யாரும் இல்லை, ஓட்டுகிற இரண்டு பையன்கள் மட்டும். ஒருவன் உடம்பு பிள்ளைச்சாவடியில் ஒதுங்கியது. இன்னொருவன் அகப்படவே இல்லை. ஏன் விழுந்தது என்று விசாரிக்க டெல்லியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பெயர் ஹரிஹரன், பிறந்தது மதுரைப் பக்கம். கடலுக்குள் ஒரு கம்பியை இறக்கி, காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். கறுத்து, உதடு வெடித்து, பாதி மீனவராகவே ஆகிவிட்டார். அவர் வாடகைக்கு எடுத்திருந்தது யார் படகு தெரியுமா? அமிர்தம் அக்காவின் கொழுந்தன் ராமுவின் படகு.

மறுநாள் டீக்கடையில் அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன்.

"அந்தக் கம்பிய வுட்டு இன்னாதான் சார் கேக்கறீங்க?"

"விமானத்துல ஒரு பெட்டி இருக்கும்மா. ஓட்டினவங்க கடைசியாப் பேசினதெல்லாம் அதுல பதிவாகியிருக்கும். கடல்ல விழுந்தா எங்க கிடக்குன்னு தெரியணும்ல? அதுக்காக அதோட ஒரு சின்ன உருளையைப் பொருத்தியிருப்பாங்க. தண்ணி பட்டதும் அடிக்க ஆரம்பிக்கும். நொடிக்கு ஒரு தடவை."

"எங்களுக்குக் கேக்கவே இல்லியே."

"மனுஷங்க காதுக்கு எட்டாத சத்தம். ரொம்பக் கிட்ட போனா லேசா டொக்குனு கேக்கலாம்."

என் டீ ஆறிக்கொண்டிருந்தது. "எத்தினி நாளு அடிக்கும்?"

"மூணு மாசம். இந்த வாரமோ அடுத்த வாரமோ பேட்டரி தீந்துடும். அதோட கதை முடிஞ்சுது. பெட்டி கிடைக்கலேன்னா, ஓட்டின பசங்க மேல தப்புன்னு எழுதி மூடிடுவாங்க."

"பூனைக்குக் கேக்குமா சார்?"

நான் கேள்விதான் கேட்டேன். காட்டிக் கொடுத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

என்னோடு மதிலடிக்கு வந்து நின்றார். காதுகளைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி காதுகளைப் பார்த்தார். கழுத்து வேர்வையைத் துடைத்தார்.

அமிர்தம் அக்கா மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் நான் நிற்பதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உன் வாயிக்கு ஒரு பூட்டு செஞ்சி குடுக்க ஆளே இல்லியாடி?" என்றாள். குரல் உயரவில்லை.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தவலைக்கு முன்னால் மண்டியிட்டு அமர்ந்தார். தொடவில்லை.

"அம்மா, இது..."

"தண்ணி பட்டா அடிக்கும், காஞ்சா நின்னுடும். எனக்கும் தெரியும் தம்பி. தெனமும் பாக்கறன்ல."

"விமானத்தோடது அம்மா. உள்ள பேட்டரி. இன்னும் கொஞ்ச நாள்ல தானா நின்னுடும்."

அக்கா தவலைமேல் இருந்த வேப்பிலையைச் சரிசெய்தாள். கதவோரத்தில் உஷாராணி வந்து நின்றாள். தவலை அடிப்பது வாசல்வரைக்கும் கேட்டது போலிருந்தது.

"நின்னுட்டா எங்கூட இன்னா கீது?" என்றாள் அக்கா.

ஹரிஹரன் உடனே ஆறுதல் சொல்லிவிடவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. "அந்தப் பசங்கள்ல ஒருத்தன் உடம்பு கிடைக்கலைம்மா. அவங்க அம்மா சேலத்துல இருக்காங்க. தினமும் எனக்குப் போன் பண்றாங்க. பெட்டி கிடைச்சா அவன் தப்பு பண்ணினானா இல்லையான்னு தெரியும். அவன் பேசினதும் அதுல இருக்கும்" என்றார்.

"கொரலா?"

"ஆமா."

அக்கா முந்தானையால் தவலையின் வெளிப்பக்கத்தைத் துடைத்தாள். ஈரமே இல்லாத இடத்தைத் துடைத்தாள்.

"அவளுக்குக் கொரலாவது கெடைக்கட்டும்" என்றாள். "உஷா, உங்க மாமாவக் கூப்புடு."

ராமு தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"டேய், இத்த எங்க வலையில வாரினேன்னு சார்கிட்ட சொல்லு."

"வலைய, படக எல்லாம் புடுங்கிகினு பூடுவாங்களோன்னுதான் அண்ணி..."

"இத்தினி நாளா அவர ஒக்கார வெச்சி சும்மா சுத்திக் காட்டுன பாரு, அதுக்குத்தான் உன்னப் புடிச்சிகினு போவணும்."

"புடிக்க மாட்டோம்" என்றார் ஹரிஹரன். "இடத்தை மட்டும் காட்டுங்க."

அடுத்த நாளே முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். ராமு காட்டிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி, உருளை கழன்ற பெட்டி சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. கறுப்புப் பெட்டி என்று பேர், நிறமென்னவோ ஆரஞ்சு. அதைக் காற்றுப் படாமல் தண்ணீரிலேயே வைத்துத்தான் கொண்டுபோக வேண்டுமாம். இல்லாவிட்டால் உப்பு தின்றுவிடுமாம். அக்காவின் மீன் ஐஸ் பெட்டியைக் கேட்டு வாங்கினார்கள். நல்ல தண்ணீரை ஊற்றிப் பெட்டியை இறக்கியபின், அக்கா தவலையிலிருந்து உருளையைத் தானே எடுத்து வந்து உள்ளே விட்டாள்.

"வழியில தண்ணி குறையாம பாத்துக்குங்க" என்றாள்.

"பாத்துக்கறேன்மா."

ஜீப் கிளம்பியது. மதிலிலிருந்து பூனைகள் இறங்கி, வரிசையாக, ஓடாமல் பின்னாலேயே நடந்தன. மெயின் ரோடுவரை போய் நின்றன. அன்று சாயங்காலம் ஹரிஹரன் ராமுவுக்குப் போன் செய்தார். திண்டிவனம் தாண்டும்போது உருளை நின்றுவிட்டதாம். அண்ணியிடம் சொல்லிவிடச் சொன்னாராம். ராமு சொன்னான். அக்கா கேட்டுக்கொண்டு, கருமாதிக்கு நாள் பார்க்கச் சொன்னாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் வேறு வீட்டுச் சங்கதிக்குப் போயிருப்பேன்.

கருமாதியன்று காலையில் கரையில் கூடியிருந்தோம். ராமு நீர்க்கடன் செய்துகொண்டிருந்தான். உஷாராணியின் தாலியை வேறு யாரையும் தொடவிடாமல் அக்காவே கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். "கரிக்கலாம்பாக்கம் போயி கொஞ்ச நாளு இரு. வேலைக்குப் போ. அப்பறம் ஒன் இஷ்டம்" என்றாள். உஷாராணி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எல்லோரும் அவர்களையே பார்த்தார்கள். நான் வழக்கம்போல வேறு பக்கம் பார்த்தேன்.

அலை வந்து தொடுகிற ஈரமணலில் பூனைகள் உட்கார்ந்திருந்தன. தண்ணீர் என்றால் பத்தடி தாண்டி ஓடுகிற ஜாதி. நுரை வந்து காலை நனைத்தது, அசையவில்லை. மேஸ்திரி நடுவில் இருந்தது. அத்தனை முகமும் கடலைப் பார்த்திருந்தன.

காதுகள் வெட்டி இழுத்தன. நின்றன. வெட்டி இழுத்தன.

உருளை டெல்லியில். பேட்டரி செத்து நாளாகிறது. அக்கா இதைப் பார்த்தால் கழற்றின தாலியை மறுபடியும் கட்டிவிடுவாள் என்று தோன்றியது. ஊருக்குக் கிளம்ப உஷாராணியின் பை, புதிதாகத் தைத்த பட்டையோடு, படகு மறைவில் தயாராக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒன்றை மறைக்கப் பார்த்தேன். புடவையை விரித்துக்கொண்டு அக்காவுக்கும் பூனைகளுக்கும் நடுவில் போய் நின்றேன்.

அக்கா தவலையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அதில் பழைய கடல் தண்ணீர் தளும்பியது.

"நவுருடி" என்றாள்.

"வெயிலா கீதுக்கா, அந்தப் பக்கமா போயி..."

"நவுரு. வந்தப்பவே பாத்துட்டன்."

நகர்ந்தேன். அவள் பூனைகளைத் தாண்டி முழங்காலளவு தண்ணீருக்குள் போனாள். அவள் விரல் தவலையின் கழுத்தில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது, காதுகளின் அதே கணக்கில். பிறகு குனிந்து தவலையைச் சாய்த்தாள்.

"போதும்பா" என்றாள். "அம்மா கேட்டுட்டன். நீ தூங்கு."

கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். ஒரு அலை வந்து அவள் தொடையில் மோதித் திரும்பியது.

மணலில் காதுகள் நின்றிருந்தன. ஒன்றுகூட ஆடவில்லை. மேஸ்திரி எழுந்தது, முதுகை வளைத்து முறித்தது, நனைந்த காலை உதறிக்கொண்டு மீன் இறங்குகிற பக்கமாக நடந்தது.