மர்ளியா காதால் பார்க்கும் படங்கள்

மர்ளியா படம் பார்ப்பதில்லை, கேட்பாள். முன்னறையில் மாமியார் லெய்லா படம் போட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்திருப்பார். உள்ளே தையல் மெசினில் இருந்தபடி மர்ளியா காதைக் கொடுத்திருப்பாள். வயலின் எந்த இடத்தில் நின்றது, பாட்டுக்கு முன் அந்தப் பெண் எப்படி மூச்சை இழுத்தாள் என்றெல்லாம் தன் வலைப்பூவில் எழுதுவாள். பார்க்காமல் கேட்டு எழுதுகிறேன் என்று முகப்பிலேயே சொல்லியிருந்தாள். அதற்காகவே வாசிக்க வந்தவர்கள் பலர். கற்பிட்டித் துறையில் போட் எஞ்சின் திருத்தும் அவள் கணவன் றிஸ்கான், ஒரு படத்தைக் கண்ணால் பார்த்து முடித்த பிறகும், அவள் எழுதியதை வாசித்தால்தான் பார்த்த திருப்தி வரும் என்பான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் கைப்பேசியில் எதையோ ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்றாய்?"

"வாற மாசங்களுக்கு எழுத வச்சிருந்த தலைப்பெல்லாம் அழிக்கிறன். வலைப்பூவையும் மூடப் போறன்."

காரணம் அவனுக்குத் தெரியும். ஒரு கிராமத்துப் படத்தில், பிரிந்த கணவன் திரும்பி வரும் இடத்தைப் பற்றி அழகாக எழுதியிருந்தாள். தூரத்தில் போட் எஞ்சின் கேட்கிறது, அதே சுருதியில் புல்லாங்குழல் மெல்ல ஏறுகிறது என்று. காட்டோரத்து எலுவன்குளத்தில் வயல் செய்யும் உசனார் என்ற வாசகர் அதன் கீழே எழுதினார்: 'தங்கச்சி, அந்தப் படத்தில கடலே இல்ல. அது வயலுக்குத் தண்ணி இறைக்கிற மோட்டர். மனுசன் வந்தது சைக்கிள்ல.' பிறகு வந்தவர்கள் விடவில்லை. 'அடுத்த முறை கண்ணத் திறந்து கேளுங்க' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

"போட் எண்டு சொன்னது நான்தானே," என்றான் றிஸ்கான். வாசலில் நின்று காதைச் சாய்த்து, 'பதினஞ்சு குதிரவலு, காபரேட்டர் கொஞ்சம் அடைச்சிருக்கு' என்று உறுதியாய்ச் சொன்னவன் அவன்தான்.

"நீங்க சொன்னீங்க. எழுதினது நான்."

பழியில் அவனுக்கு ஒரு துண்டும் அவள் தரவில்லை. அவன் முன்னறைப் பக்கம் திரும்பினான்.

"உம்மா, நீங்க படத்தப் பார்த்துக்கொண்டுதானே இருந்தீங்க?"

"ஓம். என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லயே மகன்."

மர்ளியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழிக்காமல் மிஞ்சியதை வாசித்துக் காட்டச் சொன்னான். 'படங்களில் மழை எப்போது நிற்கிறது.' 'தாலாட்டில் சொல் போய் முனகல் வரும் இடம்.' 'பாடகர் சிரித்துக்கொண்டு பாடிய வரிகள்.' இதெல்லாம் எங்கிருந்து இவளுக்கு வருகிறது என்று அவன் வாய் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே கூரைக்குள்தான் இருவரும் இருக்கிறார்கள். அவனுக்கு மழை என்றால் மழைதான்.

வாசித்தவள் அந்தக் கிராமத்துப் படக் காட்சியைக் கைப்பேசியில் மறுபடி போட்டு, திரையைக் கவிழ்த்து வைத்துக் கேட்டாள். இரண்டு தரம் கேட்டாள்.

"எனக்கு இப்பவும் போட்தான்," என்றாள். "அவருக்கு மோட்டர். ரெண்டு பேர்ட காதும் பொய் சொல்லல்ல."

உசனாரின் திருத்தத்தைத் தன் கட்டுரையின் மேலேயே போட்டாள். அவருக்கும் எழுதினாள்: கடல் வரும் படங்களில் உங்களுக்கு எது வேறு மாதிரிக் கேட்டது?

அஸர் தொழுகைக்கு முன் பதில் வந்தது. 'ஒரு படத்தில அலைச் சத்தம் வந்திச்சி. யானை வயலுக்குள்ள இறங்கிட்டுதெண்டு நினைச்சு டோர்ச்ச எடுத்துக்கொண்டு வெளிய ஓடிட்டன். பொஞ்சாதி இன்னும் சொல்லிச் சிரிக்கிறா.'

மர்ளியா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு அழித்த தலைப்புகளை ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாய் மீண்டும் ஏற்றினாள். எல்லாவற்றுக்கும் மேலே புதிதாய் ஒன்று போட்டாள்: 'கடற்கரையில் கேட்ட படம், காட்டோரத்தில் கேட்ட படம்: உசனாரோடு சேர்ந்து.'

"அவர்ட பேருக்குப் பின்னால 'நானா' எண்டு போடவா? அவர் என்னத் தங்கச்சி எண்டுதானே எழுதினார்," என்று கேட்டாள்.

றிஸ்கான் வாயைத் திறந்தான். பிறகு யோசித்தான்.

"அவர்ட்டயே கேளு."