மலைத்தேன் கலந்த பால்

கண்ணகி மாத்திரையைத் தொட்டு இருபத்தைந்து நாள் ஆகிறது. கச்சிராயபாளையத்தை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் இதை அறியாத ஆள் கிடையாது. அவளே சொல்லித் திரிந்தாள். சொல்லட்டுமே, பட்டவள் அவள்தானே.

முந்தின வருஷம், எண்பத்தேழில், இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டவர்களில் அவள் புருஷன் சின்னராசுவும் ஒருவன். வழக்கு என்றதும் கல்வராயன் மலையேறி, கரியாலூர்ப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் பதுங்கிக்கொண்டான். போலீஸ் இவளைத் தேடி வந்தது. நாற்பது நாளில் ஏழு முறை. அடுப்பை உடைத்தார்கள், லத்தியைக் கழுத்தில் வைத்தார்கள். அவன் இருக்கிற இடம் அவளுக்குத் தெரியும். வாயே திறக்கவில்லை.

அவனுக்கு ஜாமீன் கிடைத்தது, இவளுக்குப் படபடப்பு கிடைத்தது. ஜீப் சத்தம் கேட்டாலே உடம்பு வெடவெடக்கும். கள்ளக்குறிச்சி டாக்டர் ஒருவர் பயத்துக்கு மாத்திரை எழுதினார். ஆறு மாதம் தின்றாள். பயம் அடங்கியது, கூடவே புத்தியும் அடங்கியது. உலை வைத்ததை மறந்தாள், களையெடுக்கப் போன காட்டிலேயே உட்கார்ந்து தூங்கினாள். விட்டுவிடுகிறேன் என்று டாக்டரிடம் போய் நின்றாள்.

"ஒரேயடியா வுட்டா ஆபத்தும்மா. கொஞ்ச நாள் அரை, அப்பறம் கால், அப்பறம் அதுல பாதி" என்றார் அவர்.

சின்னராசுதான் பிளேடால் நறுக்கித் தந்தான். கடைசித் துணுக்கும் தீர்ந்த பிறகுதான் நரகம் தொடங்கியது. காதுக்குள் ரைஸ்மில் ஓடியது. தோலுக்கடியில் எறும்பு ஊர்ந்தது. கண்ணை மூடினால் உடம்பைத் தூக்கிப் போட்டது. தலையில் பச்சைத்தண்ணீரை ஊற்றிக்கொள்வாள், கரும்பு வரப்பில் நடையாய் நடப்பாள், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். மறியல் நடத்திய இயக்கத்து ஆட்கள் வீட்டுக்கு வந்தால் அவள் கையில் டீ டம்ளர்கள் கடகடக்கும். சின்னராசுவின் முகம் சுண்டிப்போகும்.

பத்தாம் நாள் அவன் மலையிலிருந்து ஒரு பாட்டில் தேன் கொண்டுவந்தான். "பால்ல கலந்து குடி. மலைக்காரங்க தூக்கத்துக்கு இதான் குடிக்கறாங்க."

பொழுது சாய்ந்ததும் அவனே கலக்கித் தந்தான். மூன்றே நாளில் காது ஓய்ந்தது, கை நின்றது. கண்ணகிக்குத் தலைகால் புரியவில்லை. "தெனம் நீங்களே குடுங்க, உங்க கை ராசியான கை" என்றாள்.

தூக்கம் வராமல் கிடந்த பக்கத்து வீட்டுப் பாப்பாத்திக்கும் ஒரு கிண்ணம் தேன் கொடுத்தாள். "எனக்கு ஒண்ணியும் ஆவலயேக்கா, பொட்டுத் தூக்கமில்ல" என்றாள் பாப்பாத்தி.

"உனக்கு நம்பிக்க கம்மிடீ" என்று சிரித்தாள் கண்ணகி.

இருபத்தைந்து நாள் முடிந்த மறுநாள், கோர்ட்டு வாய்தாவுக்காகச் சின்னராசு கடலூர் போய் மூன்று நாள் தங்க வேண்டி வந்தது. கண்ணகி தானே பாலைக் காய்ச்சி, ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாகத் தேன் விட்டுக் குடித்தாள். இரண்டாம் நாளே ரைஸ்மில் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் தேனும் தீர்ந்தது. இன்னொரு பாட்டில் வைத்திருப்பானோ என்று அவனுடைய தகரப் பெட்டியைத் திறந்தாள். பாட்டில் இல்லை. வேட்டிக்கு அடியில் மாத்திரை அட்டை இருந்தது, பாதி காலியாக. பக்கத்தில் பிளேடு, காகிதத்தில் மடித்த வெள்ளைப் பொடி.

இருபத்தைந்தில் பத்து நாள்தான் அவள் தாங்கியது. மீதிப் பதினைந்தும் அவன் கலக்கியது. ஊரெல்லாம் சொன்னாளே!

மத்தியான பஸ்ஸில் சின்னராசு வந்து இறங்கினான். நடுவீட்டில் முறத்தின் மேல் அட்டை கிடந்தது.

"உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். நீ நடுங்கிக்கினே கெடக்கறத என்னால பாக்க முடியல. நாலு பேரு வந்துபோற வூடு."

"ஏழு வாட்டி வந்தானுங்க" என்றாள் கண்ணகி. "கழுத்துல லத்திய வெச்சானுங்க. நீ எங்க இருக்கறன்னு நான் சொன்னனா? அப்ப நடுங்க ஆரம்பிச்ச ஒடம்பு இது. யாருக்காவ நடுங்குச்சி? இப்ப பாக்கறதுக்கு உனக்கு வெக்கமாக்கீதா?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் நீ என்று சொன்னதில்லை. அவன் அட்டையை எடுத்துச் சாக்கடையில் எறியப் போனான்.

"அத வெச்சிடு."

ஒரேயடியாக விட்டால் ஆபத்து என்று டாக்டர் சொன்னதை அவள் மறக்கவில்லை. மறுபடி அரையிலிருந்து தொடங்க வேண்டும். பட்ட பாடு அத்தனையும் திரும்பப் பட வேண்டும். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பிளேடை எடுத்தாள்.

"குடு, கை நடுங்குது உனக்கு" என்று அவன் கையை நீட்டினான்.

"நடுங்கட்டும்."

முதல் மாத்திரை பிளேடு பட்டதும் நொறுங்கிப்போனது. அவள் இன்னொன்றைப் பிரித்தாள்.