உத்திரத்துக்கு ஒரு முட்டு

விடிந்தும் விடியாமலும் பன்னிரண்டு பெண்கள் மாடியேறிவிட்டார்கள். கடலூர் முதுநகரில், வெள்ளைக்காரன் காலத்துக் கப்பல் கம்பெனியின் பழைய அலுவலகத்தைப் புதுப்பிக்கும் வேலை. பழம்பெருமையைக் காக்கிறோம் என்று வாசலில் பேனர். காக்கிறவர்கள் தலைக்கு ஒரு தொப்பிகூடக் கிடையாது. மேல்தளத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் நேற்றுத்தான் கொட்டியிருந்தது. குந்தியபடியே நகர்ந்து மரக்கட்டையால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இறுகுவதற்குள் தட்டு நின்றால் தளம் பாழ். தளத்தில் தெளிக்கும் கடுக்காய்த் தண்ணீர் பட்டு வெடித்த விரல்கள் எரிந்தன.

கீழே ஜன்னல் பொருத்திக்கொண்டிருந்த தச்சன் இம்தியாஸின் தலையில் ஏதோ கொட்டியது. மேலே தட்டத் தட்ட, தேக்கு உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்திலிருந்து மரத்தூள் உதிர்ந்தது. ஏணி போட்டு உளியால் குத்தினான். பிடிவரை உள்ளே போனது.

"வேலம்மாக்கா! எல்லாரையும் கூட்டிக்கிட்டு எறங்குங்க! உத்திரத்த செல்லு அரிச்சித் தின்னுடுச்சி!"

பெண்களுக்குத் தலைவி வேலம்மாள். பதினைந்து நாள் தானே நின்று அரைத்த சுண்ணாம்பைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் எல்லோரையும் இறக்கினாள்.

காண்ட்ராக்டர் தாண்டவராயன் உள்ளே வரும்போதே கத்தினார்.

"ஏன் தட்டு நிக்குது? சுண்ணாம்பு காயுதுல்ல?"

"மொதல்ல முட்டு குடுங்க சார். மரத்த மாத்துங்க. அப்புறம் தட்டுறோம்" என்றாள் வேலம்மாள்.

"திங்கக்கெழம தொறப்பு விழா! நூத்தி நாப்பது வருசம் நின்ன கட்டடம், நீ ஏறி ஒக்காந்தா வுழுந்துடுமா?"

"வுழாதுன்னா நாங்க ஏறித் தட்டுறோம். நீங்க இதுக்குக் கீழ சேர் போட்டு ஒக்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை. உத்திரத்தின் அடியில் நின்றவர் இரண்டடி தள்ளிப் போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

"சிதம்பரத்துலேர்ந்து ஆள எறக்குறேன். ஒங்களுக்கு இனிமே இங்க வேல கெடையாது" என்று போனை எடுத்தார்.

பத்தரை மணிக்கு வேன் வந்தது. கையில் கட்டைகளோடு பதினைந்து பெண்கள். இவர்கள் ஏறிவிடுவார்களோ என்று வேலம்மாளுக்குப் பயமாக இருந்தது. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. அவள் வழிமறிக்கவில்லை. இம்தியாஸிடம் உளியை வாங்கி, முன்னால் வந்த திலகவதியிடம் நீட்டினாள்.

"நீயே குத்திப் பாரும்மா. அப்புறம் மேல போறதுன்னா போ."

திலகவதி ஏணியேறிக் குத்தினாள். கை நிறையத் தூளோடு இறங்கி வந்து காண்ட்ராக்டரிடம் காட்டினாள்.

"சிதம்பரத்துக்காரின்னா உசுரு மட்டமா சார்? முட்டு குடுக்காம யாரும் ஏற மாட்டோம்."

"அப்ப நீயும் வெளிய போ!"

யாரும் போகவில்லை. இருபத்தேழு பெண்களும் இம்தியாஸும் வாசற்படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மேலே வெயிலில் தளம் வெளுத்துக்கொண்டிருந்தது. தாண்டவராயன் யார் யாருக்கோ போன் போட்டார். திலகவதி தன் தூக்குச்சட்டியைத் திறந்து வேலம்மாள் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்புடுக்கா. பொழுதுக்கும் ஒக்காரணும்ல."